4,000 வெள்ளியில் ஜாஸ் டிரம்ஸ்: ரைடு சிம்பலிலிருந்து தொடங்குங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேவாலயத்தில் தமிழ் ஆராதனைக்குச் சில வருடங்களாக டிரம்ஸ் வாசிக்கிறார். இப்போது மனம் ஜாஸ் பக்கம் போயிருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து 4,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறார். கடையில் 18 அங்குல பேஸ் டிரம்மோடு, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மோடு, ஒரு புது ஜாஸ் செட், சிம்பல் என்ற உலோகத் தட்டுகளின் பேக் உட்பட 3,800 வெள்ளி என்கிறார்களாம். அதை வாங்கிவிடலாமா, பழைய செட் தேடலாமா? குடியிருப்பது ஃபிளாட்டில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அதே செட் உதவினால் நல்லது என்கிறார்.

தம்பி, அந்தச் செட்டை அப்படியே வாங்காதீர்கள். டிரம்மில் குறை என்று சொல்லவில்லை. கூட வருகிற சிம்பல்களைப் பற்றித்தான் என் கவலை. ஜாஸில் உங்கள் வலது கை அதிக நேரம் இருக்கப்போவது ரைடு சிம்பலில், அதாவது தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய தட்டில். ஒரு பாட்டு எட்டு நிமிடம் ஓடினால் ஏறக்குறைய எட்டு நிமிடமும் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். டாம் என்கிற நடுத்தர டிரம்கள் அங்கங்கே வந்து போகும். பேஸ் டிரம் பாதி நேரம் காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும். ஆனால் செட்டாகக் கட்டி விற்கும்போது பணத்தின் பெரும்பகுதி மரத்துக்கும் மேல் பூச்சுக்கும் போய்விடுகிறது. சிம்பல்கள் கணக்குக்காக உள்ளே வைக்கப்படுகின்றன. உங்கள் பணத்தில் ஏறக்குறைய பாதி சிம்பலுக்குப் போகட்டும். மீதியில்தான் டிரம், தோல், பெடல், ஸ்டூல் எல்லாம்.

இந்த வரிசை ஏன் என்பதற்கு இந்த இசையின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1930களின் ஸ்விங் குழுக்களில் தாளம் பெரும்பாலும் பேஸ் டிரம்மில் இருந்தது. நடனக் கூடத்தில் ஆடுகிறவர்களின் காலுக்கு எட்ட வேண்டும் என்பதால் நாலு அடியையும் காலால் வாசிப்பார்கள். ஜீன் க்ரூபா போன்றவர்கள் 26 அங்குல பேஸ் டிரம் வைத்திருந்தார்கள். கவுண்ட் பேஸி குழுவில் ஜோ ஜோன்ஸ் அந்தப் பாரத்தை, காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டுக்கு ஏற்றினார். 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் கிளப்பில் கென்னி கிளார்க் அதை ரைடு சிம்பலுக்குக் கொண்டுபோனார். பேஸ் டிரம்மும், அடியில் கம்பி கட்டிய ஸ்னேர் டிரம்மும் பேச்சுக்கு நடுவே பதில் சொல்லும் குரல்களாக மாறின. மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, ஃபிலி ஜோ ஜோன்ஸ் எல்லாரும் அந்த வழியில் வந்தவர்கள். 1963இல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் 17 வயதில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ் வாசித்த கிரெட்ஷ் செட்டில் பேஸ் 18, டாம் 12, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 14 அங்குலம். இன்று கடையில் ஜாஸ் செட் என்று சொல்லி விற்பது அந்த அளவைத்தான். அளவைக் காப்பியடிப்பது சுலபம். அவருடைய சிம்பலில் வந்த ஒலிதான் அந்தக் குழுவைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பஜனையில் ஜால்ரா போடுகிறவர் ஒரு அடி தடுமாறினால் பாடுகிறவர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் எல்லாரும் தடுமாறுவார்கள் அல்லவா? ஜாஸ் குழுவில் ரைடு சிம்பலுக்கு அந்த இடம். பேஸ் என்ற தாழ்சுருதி நரம்பு வாத்தியம் வாசிப்பவர் உங்கள் ரைடைக் கேட்டுத்தான் விரல் வைக்கிறார். அந்தச் சிம்பல் காதுக்கு இனிமையாக இல்லாவிட்டால், நீங்களே அதை வாசிக்க விரும்பாமல் மெல்ல மெல்ல டாம் பக்கம் ஓடிப்போவீர்கள். மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உலோகத்தைப் பற்றி. ஆரம்ப விலைப் பேக்குகளில் வருவது பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். மைனல் எச்சிஎஸ், சேபியன் எஸ்பிஆர், ஜில்ஜியன் பிளானட் இசட் இவையெல்லாம் அந்த வகை. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற பிள்ளைக்குப் போதும். ஜாஸுக்குப் போதாது. ஒரு தட்டுத் தட்டினால் ஒரே சுருதியில் ‘கிண்’ என்று வந்து நின்றுவிடும், அடியில் எதுவும் பரவாது. அடுத்தது பி8 என்று சொல்லும் வெண்கலம். 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். தகடாக உருட்டி வெட்டி எடுப்பது. ஒலி பிரகாசமாக, நேராக இருக்கும். மூன்றாவது பி20. 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். பெரும்பாலும் உருக்கி வார்த்து, உருட்டி, சுத்தியலால் அடித்து, கடைந்து எடுக்கிறார்கள். ஒரே அடியில் பல சுருதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். ஜாஸ்காரர்கள் தேடுகிற இருண்ட, கலங்கிய ஒலி பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் உலோகம் மட்டுமே தீர்ப்பு இல்லை. பைஸ்டியின் 2002 வரிசை பி8தான், அருமையான சிம்பல். பி20இல் செய்த கனமான ராக் ரைடு எத்தனையோ உண்டு. ஜாஸுக்கு அவை காதைக் குத்தும்.

உலோகத்துக்கு அடுத்தபடி எடையைப் பாருங்கள். பழைய சிம்பல் விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது கிராம் கணக்கு. 20 அங்குல ரைடு 1,700லிருந்து 2,000 கிராம் வரை இருந்தால் ஜாஸுக்கு ஏற்ற மெல்லிசு. 22 அங்குலம் என்றால் 2,200லிருந்து 2,500 வரை பார்க்கலாம். 20 அங்குலமே 2,500ஐத் தாண்டினால் அது வேறு இசைக்குச் செய்தது, எவ்வளவு பெரிய பேர் அச்சடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பயணப்பெட்டி நிறுக்கும் சின்னத் தராசு போதும், கையோடு கொண்டுபோங்கள்.

பேரைப் பற்றிச் சொன்னால், இந்த விலைக்குள் என் முதல் சிபாரிசு ட்ரீம் கம்பெனியின் பிளிஸ் வரிசை. கம்பெனி கனடாவைச் சேர்ந்தது, சிம்பல் சீனாவில் கையால் அடிக்கிறார்கள், பி20, மெல்லிசு. ஒன்று போல் ஒன்று இருக்காது. அதனால் நேரில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கிடைக்கும்போது அந்த விலைக்கு அதைவிட நல்ல ஜாஸ் ஒலி கிடைப்பது கடினம். பழையதில் தேடினால் இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெட், போஸ்பரஸ் ஆகிய துருக்கிச் சிம்பல்களைத் தேடுங்கள். அகோப்பும் மெஹ்மெட்டும் முதலில் ஒரே பட்டறையாக இருந்து 1996இல் பிரிந்தவை, இரண்டுமே நம்பலாம். மைனல் பைசான்ஸ், ஜில்ஜியன் கே, சேபியன் எச்எச் இவை எப்போதாவது கண்ணில் படும். ரைடுக்கு மட்டும் 1,200 வெள்ளி வரை ஒதுக்குங்கள். கூடக்குறைய ஆனால் கூடட்டும்.

கடையில் ரைடைச் சோதிக்கும்போது எல்லாரும் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு தலையாட்டுவார்கள். அது கிராஷுக்கான, அதாவது ஓங்கி அடித்து அழுத்தம் கொடுக்கும் சிம்பலுக்கான சோதனை. நீங்கள் வீட்டில் வாசிக்கிற ஸ்டிக்கைக் கொண்டுபோய், ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவான வேகத்தில் ‘டிங், டிங்-க டிங்’ என்று விடாமல் ஒரு நிமிடம் வாசியுங்கள். முதல் பத்து விநாடியில் எல்லாச் சிம்பலும் அழகாகத்தான் இருக்கும். அரை நிமிடத்துக்குப் பிறகு பின்னால் ஒரு இரைச்சல் சேர்ந்து வரும். அது எழுந்து ஸ்டிக்கின் ‘டிக்’ ஒலியை மூழ்கடிக்கிறதா, அல்லது ஒரு மட்டத்தில் நின்று அடியில் பாய் விரித்தாற்போல் கிடக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகைதான் வேண்டும். அடுத்து மிக மெதுவாக வாசியுங்கள், பாடகிக்குப் பின்னால் வாசிக்கிற அளவுக்கு. அப்போதும் சிம்பல் வாய் திறக்கிறதா? கனமான சிம்பல் மெல்லிய அடிக்கு ஊமையாக இருக்கும். பிறகு ஸ்டிக்கின் தோள்பட்டையால், அதாவது நுனிக்குக் கீழே தடிக்கும் பகுதியால், ஓரத்தைத் தொடுங்கள், கிராஷ் போல வெடித்துச் சட்டென்று அடங்கினால் தனியாகக் கிராஷ் வாங்கும் செலவு மிச்சம். கடைசியாக, நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். உட்கார்ந்து வாசிப்பவர் காதில் விழுவதும் எதிரே இருப்பவர் காதில் விழுவதும் ஒன்றல்ல.

ஒரே ஒரு சிம்பல்தான் வாங்க முடியும் என்றால் 22 அங்குலத்தில் மெல்லிய கிராஷ்-ரைடு ஒன்றை எடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு முழு இரவு வாசிக்கலாம். ஆணியடித்த சிம்பலின் ‘ஸ்ஸ்’ ஒலி வேண்டுமென்றால் துளைபோட வேண்டாம். குளியலறை அடைப்பானில் தொங்குமே மணிமணியான சங்கிலி, அதை இரும்புச் சாமான் கடையில் ஓரடி வாங்கி சிம்பலின் மேல் திருகிலிருந்து தொங்கவிட்டால் போதும். இரண்டு வெள்ளிச் செலவில் இன்னொரு சிம்பல் கிடைத்த மாதிரி. வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

ஹை-ஹாட்டுக்கு 600, 700 வெள்ளி வையுங்கள். 14 அங்குலம் போதும். கையால் அடித்துப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. ஜாஸுக்குக் கால்தான் முக்கியம், ஏனென்றால் இரண்டாவது, நான்காவது அடியில் ‘சிக்’ என்று மூடுவது அதுதான். அந்தச் ‘சிக்’ தெளிவாக, காய்ந்த சத்தமாக வர வேண்டும். கால் வைத்து மூடியும் சத்தம் வராமல் ‘புஸ்’ என்று அமுங்கினால் நடுவில் காற்று அடைபடுகிறது என்று அர்த்தம். ஸ்டாண்டில் அடிச் சிம்பலைச் சாய்க்கும் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினாலே பல நேரம் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் நல்ல ஹை-ஹாட்டை அடிமாட்டு விலைக்கு விற்கிறவர்கள் உண்டு. நீங்கள் வாங்குகிறவர் பக்கம் நில்லுங்கள். மேலும் கீழும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேலே மெல்லிசு, கீழே கொஞ்சம் கனம் என்றிருந்தால் நன்றாக மூடும்.

டிரம்முக்கு வருவோம். 18 அங்குலப் பேஸ் டிரம்மின் பெருமை பாதி ஒலியில், பாதி தூக்கிச் செல்லும் வசதியில். நியூயார்க்கில் டாக்சியில் ஏற்றலாம். இங்கே மைவி காரின் பின் இருக்கையை மடித்தால் செட் முழுக்க ஏறிவிடும். பினாங்குப் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுன் போய் வாசிக்கப் போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஒலியில், அது கொஞ்சம் மேல் சுருதியில், உருண்டையாக, ஒரு டாம் போலப் பாடும். ஆனால் உங்களுக்கு ஞாயிறு ஆராதனையும் இருக்கிறது. எலெக்ட்ரிக் பேஸும் கீபோர்டும் ஸ்பீக்கரில் வரும் இடத்தில் 18 அங்குலம் மைக் இல்லாமல் காணாமல் போகும். அதனால் 20 அங்குலம் கண்ணில் பட்டால் உங்களுக்கு அதையே எடுக்கச் சொல்வேன். இரண்டுக்கும் நன்றாகப் பொருந்தும் அளவு அதுதான்.

நம் நாட்டுப் பழைய சந்தையில் நிறையக் கிடைப்பது என்னவோ 22 அங்குலம் வைத்த ஐந்து டிரம் செட்டுகள்தான். பள்ளிகள், தேவாலயங்கள், கல்யாணக் குழுக்கள் என்று எல்லா இடத்திலும் வாங்கிப் போட்டது. பழைய பொருள் விற்கும் இணையத்தளங்களான முடா, கேரோசல் இரண்டிலும் தேடிப் பாருங்கள், மற்ற அளவுகளைவிட அவைதான் கண்ணில் படும். அதில் நல்ல செட் மலிவாக வந்தால் 22 என்பதற்காக ஒதுக்காதீர்கள். பெரிய குழுக்களின் டிரம்மர்கள் பலர் பெரிய பேஸ் டிரம்மில் மெதுவாக, ஆழமாக ஜாஸ் வாசித்திருக்கிறார்கள். உள்ளே திணித்திருக்கும் தலையணையை எடுத்துவிட்டு, முன்னால் ஓட்டையில்லாத தோலைப் போட்டு, சுருதியைக் கூட்டினால் அது வேறு டிரம்மாகிவிடும். டாம்களில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ரைடைக் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய ஜாஸ் செட்டுகளிலேயே பார்ப்பதென்றால் கிரெட்ஷ் காத்தலினா கிளப் என் மனதுக்கு நெருக்கமானது. மகாகனி மரம், 18, 12, 14, கூடவே 14 அங்குல ஸ்னேர். சூடான, வட்டமான ஒலி. யமஹா ஸ்டேஜ் கஸ்டம் பாப் பிர்ச் மரம். உறுதியான வேலைப்பாடு, ஒலி இன்னும் கூர்மை. அதைப் பல இடங்களில் ஸ்னேர் இல்லாமல் விற்கிறார்கள், விலையை ஒப்பிடும்போது அதைக் கவனியுங்கள். சோனோர் ஏக்யூ2 பாப் மேப்பிள், கொஞ்சம் மேல் விலை. ஏக்யூஎக்ஸ் ஜாஸ் பாப்ளார், விலை இறங்கியது. டாமா கிளப்-ஜாமில் பேஸ் டிரம்மின் ஆழம் 12 அங்குலம்தான், ஸ்னேரும் 13. எடுத்துப்போக லேசு, ஆனால் ஆராதனைக்குக் காணாது. லுட்விக் பிரேக்பீட்ஸ், பேர்ல் மிட்டவுன் இரண்டிலும் பேஸ் 16 அங்குலம். தெருமுனை நிகழ்ச்சிக்கும் சின்னக் கஃபேக்கும் நல்லவை, உங்கள் ஒரே செட்டாக வேண்டாம்.

மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த விலையில் மகாகனியா பாப்ளாரா என்பதைவிட, உருளையின் விளிம்பு, அதாவது தோல் உட்காரும் பேரிங் எட்ஜ் சமமாக இருக்கிறதா என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது. பழைய செட் பார்க்கப் போனால் விற்கிறவர் அனுமதியோடு ஒரு தோலையாவது கழற்றுங்கள். டாமை ஒரு கண்ணாடி மேசையில் கவிழ்த்து, உள்ளே கைபேசி விளக்கைப் போட்டு, விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். நூல் மாதிரி கசிந்தால் பரவாயில்லை. காசு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அந்த டிரம் சுருதியில் நிற்காது. ஒவ்வொரு லக்கிலும், அதாவது உருளையின் பக்கத்தில் திருகு மாட்டும் பிடியிலும், திருகு கையால் சுழல்கிறதா, மரை தேய்ந்து நழுவுகிறதா என்று பாருங்கள். ஸ்னேரில் கம்பியை ஏற்றி இறக்கும் பிடியை நாலைந்து தடவை போட்டுப் போட்டுப் பாருங்கள். ஃப்ளோர் டாமின் மூன்று கால், பேஸ் டிரம்மின் கொக்கிகள், முன்னால் ஊன்றும் இரண்டு கால் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். காணாமல் போன சின்னச் சாமான்களைத் தேடி வாங்குவதற்குள் அலைச்சல் அதிகம்.

பழைய சிம்பலில் ஓரத்தில் நகத்தை ஓட்டிச் சுற்றிவாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் தட்டும். நடுத் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வாசித்த சிம்பல். விலையைக் குறைத்துப் பேசலாம். ஓர விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பழைய செட்டுக்கு 1,300 வெள்ளி, அதற்கு மேல் போகாதீர்கள். ஏனென்றால் தோலுக்கு 350 வெள்ளி தனியாக வேண்டும், அதை விடவே கூடாது. ஆரம்ப விலைச் செட்டோடு வரும் தோல்கள் பெரும்பாலும் வழவழப்பான, மலிவான தோல்கள். அதில் ஜாஸ் வராது, மெல்லிய கம்பிகளைக் கட்டிய பிரஷ்ஷால் வாசிக்கவே முடியாது. வெள்ளைப் பூச்சுள்ள, ஒற்றை மடிப்புத் தோல் போடுங்கள். ரெமோ கோட்டட் அம்பாசடர், இவான்ஸ் ஜி1 கோட்டட் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. இரண்டுமே 10 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிமன். பிரஷ்ஷை ஸ்னேரில் தேய்க்கும்போது அந்தச் சொரசொரப்பில்தான் ‘ஸ்வ்வ்’ என்ற ஒலி பிறக்கிறது. பணம் இறுக்கமாக இருந்தால் முதலில் ஸ்னேரின் மேல் தோல், பிறகு டாம்களின் மேல் தோல், பிறகு பேஸ் டிரம் என்ற வரிசையில் மாற்றுங்கள்.

சுருதி சேர்ப்பதில்தான் ஆராதனை டிரம்மர்கள் பலர் தயங்குகிறார்கள், பழகிய காது கனமான, அடங்கிய சத்தத்தைத் தேடுகிறது. ஜாஸில் எல்லாம் மேலே, திறந்தபடி. தோலை மாட்டி எல்லாத் திருகையும் விரலால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு, பிறகு சாவியால் ஒன்றுக்கு நேர் எதிரே உள்ளதை மாற்றி மாற்றிக் கால் சுற்று வீதம் ஏற்றுங்கள். ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை பொறுமையாகச் சரிசெய்யுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்துப் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். டாமில் மேல் தோலும் கீழ்த் தோலும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருந்தால் நீண்டு பாடும். 12க்கும் 14க்கும் நடுவே சட்ஜமம்-மத்திமம் இடைவெளி வைத்துப் பாருங்கள், பாடும்படி இருக்கும். ஸ்னேரின் அடித்தோல் நன்றாக இறுக்கம், மேல்தோல் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே. பேஸ் டிரம்மில் போர்வை வேண்டாம். இரைச்சல் அதிகமென்றால் உட்புறமாகத் தோலோடு ஒட்டி ஒரு ஃபெல்ட் பட்டை போதும். அந்த டிரம்மில் நாலு அடியையும் பெடலால் வருடுவது போல வாசித்துப் பழகுங்கள். பேஸ் வாசிப்பவருக்கு உணர்வாக எட்ட வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாகக் கேட்கக் கூடாது. ராக் வாசித்த காலுக்கு இது மாதக்கணக்கில் வேலை. செய்யுங்கள்.

18 அங்குலம் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணப் பெடலின் அடிப்பான் தோலின் மையத்துக்கு மேலே போய் விழும். டிரம்மைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு தாங்கி தேவைப்படும். சில செட்டுகளில் கூடவே வரும், சிலவற்றில் வராது. கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டுகள் கனமானதாக இருக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கால் பட்டை வைத்த லேசான பழைய ஸ்டாண்டே ஜாஸுக்குப் போதும், தூக்குவதற்கும் நல்லது. பெடலுக்கும் ஸ்டூலுக்கும் சேர்த்து 350. ஸ்டூல் ஆடினால் முதுகு போய்விடும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மீதி 150இல் 7ஏ ஸ்டிக் ஒரு ஜோடி, கம்பிப் பிரஷ் ஒரு ஜோடி. அவ்வளவுதான் உங்கள் 4,000.

இப்போது ஃபிளாட். இதை நீங்கள் கேள்வியின் கடைசியில் சொன்னீர்கள், நான் முதலில் வைத்து யோசித்தேன். மேலும் கீழும் பக்கத்திலும் ஆள் குடியிருக்கும் வீட்டில் மரச் செட்டை வாசிக்க முடியாது. பாய் விரித்தாலும் பேஸ் டிரம்மின் அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். எலெக்ட்ரானிக் செட் வாங்கலாமே என்பார்கள். ஜாஸுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இந்த விலையில் கிடைக்கும் ரப்பர் ரைடில் மேலே சொன்ன எந்த நுணுக்கமும் வராது, பிரஷ்ஷையும் அது அறியாது. வீட்டில் ஒரு பிராக்டிஸ் பேட், பழைய தலையணை ஒன்று, மெட்ரோனோம். தேவைப்பட்டால் பின்னாளில் ஓட்டைகள் போட்ட சத்தம் குறைந்த சிம்பல்களும் வலைத் தோலும். உண்மையான வாசிப்புக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே டிரம் இருக்கும், சிம்பல்தான் அடிபட்டு உருக்குலைந்து கிடக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு தவணையாக வாங்குங்கள். முதலில் ரைடு, ஹை-ஹாட், நல்ல பெடல், பிரஷ், சிம்பல் வைக்க ஒரு பை. அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கும் தேவாலயத்துக்கும் போங்கள். அங்கே இருக்கும் டிரம்மில் உங்கள் சிம்பலை மாட்டி வாசியுங்கள். கிளப்புகளில் வாசிக்கிற டிரம்மர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். டிரம் அந்த இடத்துடையது, சிம்பலும் ஸ்னேரும் பெடலும் கையோடு வருபவை. அவசரம் இல்லாதபோது நல்ல பழைய செட் கண்ணில் படும். அவசரத்தில் இருப்பவருக்கு எது வந்தாலும் நல்லதாகத்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன்னால் காதைத் தயார்படுத்துங்கள். கோலாலம்பூருக்கு வரும்போது ஜாலான் மெசுயியில் இருக்கும் நோ பிளாக் டை கிளப்பில் டிரம்ஸுக்குப் பக்கமாக ஒரு மேசை பிடித்து உட்காருங்கள். மைக் வழியாக இல்லாமல் ரைடின் ஒலி நேராகக் காதில் விழும் தூரத்தில் கேட்டால்தான் கடையில் எதைத் தேடுகிறீர்கள் என்பது தெரியும். இடைவேளையில் டிரம்மரிடம் மரியாதையாகக் கேட்டால் என்ன சிம்பல், எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். உங்கள் பினாங்கும் இதற்குப் புதிய மண் இல்லை. பத்து ஃபெரிங்கியில் 2004இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழா வெளிநாட்டுக் குழுக்களை வருடாவருடம் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கு வெகுகாலம் முன்பே ஜிம்மி பாய்ல் அங்கே மலாய்ப் பாட்டில் ஜாஸைக் கலந்து எழுதிக்கொண்டிருந்தார். பியானோவில் மைக்கேல் வீரப்பன், டிரம்ஸில் ஆசியாபீட் குழுவைக் கட்டிய லூயிஸ் பிரகாசம் என்று நம் பேர்களும் இந்த நாட்டு ஜாஸில் அழுத்தமாக இருக்கின்றன. பிரகாசம் வாசித்த பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். நம் பக்கத்து வாத்தியங்களோடு டிரம் கிட் எப்படிப் பேசுகிறது என்பதற்கு நல்ல பாடம்.

பராமரிப்பில் ஒன்றிரண்டு. கடலோரக் காற்றில் குரோம் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் லக்கையும் ஸ்டாண்டையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பையை ஈரத்தோடு மூடாதீர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே கிடக்கட்டும். இன்றைய தோல்கள் மைலார் என்ற பிளாஸ்டிக் படலம் என்பதால் மழைக்காலத்தில் ஆட்டுத்தோல் போலத் தொய்ந்துபோகாது, ஆனால் பிரஷ் கம்பிகள் துருப்பிடிக்கும். துருவோடு தேய்த்தால் ஸ்னேர்த் தோலின் பூச்சு வழித்துக்கொண்டு வந்துவிடும். சிம்பலைப் பளபளக்கத் தேய்க்கவே வேண்டாம். மேலே படியும் மங்கல் இருக்கட்டும், ஒலியைக் கொஞ்சம் தணித்து இருட்டாக்குகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த 3,800 வெள்ளிச் செட் மனதில் பிடித்திருந்தால், இன்னொரு வழியும் இருக்கிறது. கடையில் போய்ச் சிம்பல் பேக் வேண்டாம், டிரம்மும் ஸ்டாண்டும் மட்டும் என்ன விலை என்று கேளுங்கள். நல்லபடியாகக் குறைத்தால், அங்கேயே சிம்பல் அடுக்கில் 20, 22 அங்குலத்தில் மெல்லிசாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று எடுத்து வாசித்துப் பாருங்கள். டிரம்முக்கு 2,000க்கு மேல் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், பழைய செட் தேடலாம். ஸ்டிக்கையும் தராசையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.